ஐம்பது கிலோமீட்டர் ஓடிய பிறகு

என் வீட்டுக்காரரைப் பற்றி நானே குறை சொல்லக் கூடாதுதான். ஆனால் முப்பது வருஷமாகக் கூடவே குடித்தனம் நடத்துகிற நான் சொல்லாமல் வேறு யார் வந்து சொல்வார்கள்? பார்க்கிறவர்கள் எல்லோரும் தங்கமான மனுஷன் என்கிறார்கள். தங்கம்தான், யார் இல்லை என்றது? அந்தத் தங்கம் அன்றைக்கு மதியம் என்ன காரியம் செய்து வைத்திருந்தது என்று கேளுங்கள்.

இரண்டு மணிக்கு எனக்கு டிரைவிங் டெஸ்ட். நான் தையல் கடை வைத்திருக்கிறேன். கையிலிருந்த பள்ளிக்கூடச் சட்டைகளுக்குப் பட்டன் காஜா எடுத்து முடித்துவிட்டு, ஒரு வாய் சாப்பிட்டுக் கிளம்பலாம் என்று பதினொன்றரைக்கே கடையைப் பூட்டிக்கொண்டு வந்தேன். தெருமுனை திரும்பியதுமே வீட்டு வாசலில் எங்கள் கார் தெரிந்தது. ஏதோ சரியில்லை என்று பட்டது. கிட்டே வந்த பிறகுதான் புரிந்தது. காருக்குச் சக்கரமே இல்லை. நாலு இரும்பு ஸ்டாண்டின் மேல், செருப்பைத் தொலைத்த ஆள் மாதிரி பரிதாபமாக நின்றுகொண்டிருந்தது.

மூன்று சக்கரங்கள் பளபளவென்று கழுவித் துடைத்துச் சுவரோரம் வரிசையாகச் சாத்தி வைக்கப்பட்டிருந்தன. நாலாவது சக்கரத்தை மடியில் வைத்துக் கட்டிக்கொண்டு, காலை நீட்டித் தரையில் உட்கார்ந்திருந்தார் நம் ஆள். சட்டையெல்லாம் கரி. முழங்கையில் தோல் உரிந்து ரத்தம் எட்டிப் பார்த்தது.

"என்னங்க இது?"

"வந்துட்டியா குண்டூசி?" என்றார், நான் என்னவோ சாவகாசமாக விருந்துக்கு வந்த மாதிரி. "ஒண்ணுமில்ல. அஞ்சு நிமிஷ வேலை. நீ போய்ச் சாப்பிடு."

எந்நேரமும் உதட்டில் நாலு குண்டூசியைக் கவ்விக்கொண்டு இருப்பதாலும், பேசினால் குத்துவதாலும் எனக்கு அந்தப் பெயர். கல்யாணமான புதிதில் வைத்தது. இன்றுவரை என் சொந்தப் பெயரைச் சொல்லி அவர் கூப்பிட்டு நான் கேட்டது ஆஸ்பத்திரி வரவேற்பறையில் மட்டும்தான்.

அந்த ஆஸ்பத்திரிக் கதையைச் சொன்னால்தான் நான் ஏன் அப்படிப் பதறினேன் என்று உங்களுக்குப் புரியும்.

அவர் பள்ளிக்கூட வேன் ஓட்டியவர். இருபத்தாறு வருஷம். ஒரு பிள்ளைக்கு ஒரு சிராய்ப்பு கிடையாது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் சர்க்கரை கண்ணுக்குள் இறங்கிவிட்டது. ஓரத்துப் பார்வை இருக்கிறது, நடுவில்தான் அழுக்குப் படிந்த மாதிரி எதுவும் தெரிவதில்லை. "உன் மூஞ்சி தெரியல, கம்மல் தெரியுது" என்பார். வேனை விட்டுவிட்டு, நான் ஓட்டிப் பழகட்டும் என்று இந்தப் பழைய காரை வாங்கினோம். கண்ணுக்குள் மாதம் ஒரு ஊசி போட்டால் மிச்சமிருக்கிற பார்வை நிற்கும் என்றார்கள். ஊசி போடுகிற ஆஸ்பத்திரி இங்கிருந்து ஐம்பது கிலோமீட்டர்.

முதலில் என் தம்பி கூட்டிக்கொண்டு போனான். ஒரு நாள் அவன் லீவுக்காக மேலாளரிடம் போனில் பொய் சொல்வது இவர் காதில் விழுந்துவிட்டது. "என்னால அந்தப் பையன் பொய் சொல்ல வேணாம்" என்று அதோடு நிறுத்திவிட்டார். பஸ்ஸில் போனோம். திரும்பும்போது, ஊசி போட்டுக் கட்டின கண்ணோடு இரண்டு பஸ் மாறுவதற்குள் ஒரு கம்பத்தில் நெற்றியை இடித்துக்கொண்டார். வாடகைக் கார்? அந்த வயிற்றெரிச்சலைக் கேட்காதீர்கள். பின்னால் உட்கார்ந்துகொண்டு, "தம்பி, கிளட்ச் அழுவுது, காலை எடு", "ஏம்ப்பா, பிரேக்க மிதிக்கிறியா, மாவு மிதிக்கிறியா?" என்று வழி நெடுகப் பாடம் நடத்தினால் யார் பொறுப்பார்கள்? ஒரு டிரைவர் பாதி வழியில் இறக்கியே விட்டுவிட்டார்.

அவர் போகாததற்கு உண்மைக் காரணம் வேறு என்பது எனக்குத் தெரியும். பயம். கண்ணுக்கு நேரே ஊசி வருகிற பயம். "வீட்டுல இருக்கிற குண்டூசி பத்தாதா, கண்ணுல வேற குத்தணுமா?" என்று சிரித்து மழுப்பிவிட்டு, இரண்டு மாத ஊசியைத் தட்டிக் கழித்துவிட்டார். இன்னும் ஒரு மாதம் தள்ளினால் தன் பொறுப்பில்லை என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். அன்று ராத்திரி நான் அழுத அழுகையில்தான் ஒரு வார்த்தை கொடுத்தார். "நீ லைசென்ஸ் வாங்கு. உன் வண்டியில நான் ஏறுறேன். வேற எவன் வண்டியிலயும் ஏற மாட்டேன்."

அதற்கு முன்பே இரண்டு தடவை டெஸ்டில் தோற்றிருந்தேன். இரண்டு தடவையும் பின்னால் எடுத்து நிறுத்துகிற இடத்தில்தான். இது மூன்றாவது. இதிலும் போனால் முதலிலிருந்து மனுப் போட்டு மூன்று மாதம் காத்திருக்க வேண்டும். கண் காத்திருக்குமா? அப்படிப்பட்ட நாளில், டெஸ்டுக்குப் போக வேண்டிய கார் சக்கரமில்லாமல் நிற்கிறது என்றால் எனக்கு எப்படி இருந்திருக்கும்?

எரிந்த எரிச்சலில் கேட்கக் கூடாததைக் கேட்டுவிட்டேன்.

"ஊசிக்கு பயந்துகிட்டு வேணும்னேதானே கழட்டுனீங்க? நான் பாஸ் பண்ணிட்டா போயாகணும்னுதானே?"

  அவர் கரிக் கையைச் சட்டைப் பைக்குள் விட்டு எதையோ எடுத்து நீட்டினார். பட்டாணி அளவுக்கு ஒரு கருங்கல்.

"நேத்து சாயந்திரம் நீ ஓட்டுறப்போ முன்பக்கம் கிறீச் கிறீச்னு ஒரு சத்தம் வந்துச்சு. உனக்குக் கேட்டுச்சா?"

"இல்ல."

"எனக்குக் கேட்டுச்சு. பிரேக் தட்டுக்கும் அதுக்குப் பின்னால இருக்கிற தகரத்துக்கும் நடுவுல இந்தக் கல்லு மாட்டியிருந்துச்சு. இந்தச் சத்தத்தோட டெஸ்டுக்குப் போனா நீ பதறிடுவ. பதறுனா இடது வலது மறந்துடும் உனக்கு. அதான் எடுத்துடலாம்னு..."

பயந்தது உண்மைதானாம். ராத்திரி பூராத் தூங்கவில்லையாம். "பயமா இருந்தா உன்னத் தோக்க வச்சிடுவேனா?" என்று கேட்டார்.  எனக்கு என் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. ஆனால் மணி பன்னிரண்டு ஆகப் போகிறது, உருகிக்கொண்டு நிற்க நேரமில்லை.

"ஒரு சக்கரத்துல கல்லுன்னா ஒண்ணக் கழட்டணும். நாலையும் எதுக்குக் கழட்டுனீங்க?"

"ஒண்ணுல இருந்தா நாலுலயும் இருக்காதா? அப்புறம், கழுவியும் வச்சிடலாமேன்னு. டெஸ்ட் எடுக்கிறவர் பார்த்தா வண்டி ஒரு லட்சணமா இருக்க வேணாமா?"

"மாட்ட வேண்டியதுதானே? வேன் சக்கரத்தைக் கண்ண மூடிட்டே மாட்டுவேன்னு சொல்வீங்களே!"

அங்கேதான் மனுஷன் கோட்டை விட்டிருந்தார். அவருடைய வேனில் அச்சு முனையில் திருகு மரை வெட்டிய கம்பிகள் நீட்டிக்கொண்டிருக்கும். சக்கரத்தைத் தூக்கி அந்தக் கம்பிகளில் மாட்டிவிட்டால், ஆணியில் சட்டை தொங்குகிற மாதிரி அது பாட்டுக்குத் தொங்கும். அப்புறம் நட்டைப் போட்டு முறுக்க வேண்டியதுதான். அதற்குக் கண்ணே வேண்டாம், கையே பார்த்துக்கொள்ளும். இந்தக் காரில் அந்தக் கம்பிகள் கிடையாது. வெறும் ஐந்து ஓட்டைகள்தான். சக்கரத்திலும் ஐந்து ஓட்டைகள். இரண்டையும் நேராக்கி, வெளியிலிருந்து போல்ட்டைச் செருகி முறுக்க வேண்டும். அதுவரை சக்கரத்தைத் தாங்கிப் பிடிக்க ஒரு நாதியும் இல்லை. வாங்கியதிலிருந்து ஒரு பஞ்சர்கூட ஆகாத வண்டி என்பதால் இதற்கு முன் அவர் கழற்றிப் பார்த்ததே இல்லை.

"மொதல் சக்கரத்துலயே போல்ட்டுன்னு தெரிஞ்சிருக்குமே?"

"தெரிஞ்சுது. நட்டா இருந்தா என்ன, போல்ட்டா இருந்தா என்ன, கழட்டத்தானே போறோம்னு நெனைச்சேன்."

தலையில் அடித்துக்கொண்டேன். வேறென்ன செய்ய?

"ரெண்டு மணி நேரமா முட்டிக்கிட்டு இருக்கேன் குண்டூசி. ஒரு கையால தூக்கிப் புடிச்சு, இன்னொரு கையால ஓட்டையத் தடவிப் பார்த்தா, தடவுற நேரத்துல சக்கரம் நழுவிடுது. அச்சும் சுத்துது, சக்கரமும் சுத்துது, என் தலையும் சுத்துது."

சிரிப்பு வந்துவிட்டது எனக்கு. கோபமாக இருக்கும்போது சிரிக்க வைக்கிற ஆளை என்ன செய்வது? புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு அவர் பக்கத்தில் மண்டியிட்டேன்.

"நீங்க தூக்குங்க. நான் பார்த்துச் சொல்றேன்."

சக்கரத்தை நான் தூக்க முடியாது. என் இடுப்பு அப்படி. அவரால் தூக்க முடியும், பார்க்க முடியாது. காரை ஒட்டி உட்கார்ந்து, இரண்டு கால் பாதத்தையும் டயருக்கு அடியில் கொடுத்து, கையால் மேலே அணைத்துக்கொண்டு தூக்கினார். நான் சக்கரத்தின் ஓட்டை வழியாக எட்டிப் பார்த்தேன்.

"வலது பக்கம் திருப்புங்க. ஐயோ, வலதுன்னா வலது!"

"யாரோட வலது?"

"உங்க வலதுதான், ஊர்ல உள்ளவன் வலதா? இன்னும். இன்னும். அடடா, தாண்டிப் போச்சு. கொஞ்சம் இடது."

"கொஞ்சம்னா எவ்வளவு?"

"ஒரு நூல்!"

சொல்லிவிட்டு நானே வாயைப் பொத்திக்கொண்டேன். ஆறு மாதமாக என் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து என்னை எப்படித் திட்டினாரோ, அதே திட்டு, வார்த்தை மாறாமல் என் வாயிலிருந்து வருகிறது. 'இடதுன்னா இடது! யாரோட இடது? இன்னும் கொஞ்சம் ஸ்டியரிங்க ஒடி!' அவருக்கும் தோன்றியிருக்க வேண்டும். டயரைக் கட்டிக்கொண்டே குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். சிரித்ததில் கால் நழுவி, சக்கரம் மறுபடியும் கீழே வந்துவிட்டது.

இப்படியே மூன்று நாலு தடவை. ஓட்டை நேராக வரும், நான் போல்ட்டை எடுத்து நீட்டுவதற்குள் விலகிவிடும். ஐந்து ஓட்டையையும் ஒரே நேரத்தில் பார்த்துக்கொண்டிருந்ததில் எனக்கும் கண் கட்டியது. என்ன முட்டாள்தனம் என்று அப்போதுதான் உறைத்தது. இரண்டு துணியைச் சேர்த்துத் தைக்கும்போது முழு நீளத்தையும் ஒரேயடியாகச் சரி பார்த்துக்கொண்டா இருக்கிறேன்? உச்சியில் ஒரே ஒரு குண்டூசி. அது நின்றால் மற்றதெல்லாம் தானாக விழுந்து படியும்.

"ஏங்க, இந்த ஓட்டைக்குள்ள போற மாதிரி தடியா, நீளமா ஏதாவது இருக்கா?"

"எதுக்கு?"

"கேட்டதுக்கு பதில் சொல்லுங்க."

"பெரிய ஸ்க்ரூடிரைவர் இருக்கு. டப்பாவுல, அடியில."

எடுத்தேன். முதலில் அச்சு முனையைச் சுற்றி ஒரு ஓட்டையை நேர் உச்சிக்குக் கொண்டுவந்தேன். சக்கரத்திலும் ஒரு ஓட்டை மேலே வருகிற மாதிரி திருப்பி அவர் மடியில் வைத்தேன். "இப்ப தூக்குங்க. திருப்பாதீங்க, தூக்க மட்டும் செய்யுங்க." அவர் கால் கட்டை விரல்கள் விறைத்துக்கொண்டு மேலே எழும்பின. உச்சி ஓட்டைக்குள் ஸ்க்ரூடிரைவரைச் செருகினேன். வெளி ஓட்டையைத் தாண்டி, உள் ஓட்டைக்குள் கச்சிதமாகப் போய் உட்கார்ந்தது.

"அசையாதீங்க," என்று சொல்லிவிட்டுக் கீழே பார்த்தேன். மற்ற நாலு ஓட்டைகளும் வரிசையில் வந்து நின்று என்னைப் பார்த்தன. சத்தியமாகச் சொல்கிறேன், என் முதல் ரவிக்கை அளவாக வந்த அன்றுகூட எனக்கு அத்தனை சந்தோஷம் வரவில்லை.

போல்ட்டை எடுத்து வைத்து ஸ்பானரை மாட்டப் போனேன். இரும்பு உரசிய சத்தம் கேட்டதுமே அதட்டினார்.

"ஸ்பானரத் தொடாதே! மொதல்ல கையால சுத்து. மரை புடிச்சா வழுக்கிக்கிட்டு உள்ள போகும். முரண்டு புடிச்சா கோணலாப் போவுதுன்னு அர்த்தம், எடுத்துட்டுத் திரும்ப வை."

கையால் சுற்றினேன். வழுக்கிக்கொண்டு போனது. ஸ்க்ரூடிரைவரை எடுத்துவிட்டு அந்த இடத்திலும் ஒரு போல்ட். ஒன்றை முறுக்கினால் அடுத்ததை விட்டுவிட்டு எதிர்ப்பக்கத்தை முறுக்க வேண்டும் என்றார். இழுத்துத் தைத்தால் துணி ஒரு பக்கமாகச் சுருங்குமே, அதே கதைதான். இரண்டாவது சக்கரத்துக்குப் பாதி நேரம்தான் ஆனது. மூன்றாவதில் நான் வாயே திறக்கவில்லை, என் மூச்சை வைத்தே அவர் ஏற்றி இறக்கினார். நாலும் மாட்டியதும் ஸ்டாண்டுகளை எடுத்து, ஜாக்கியை இறக்கி, சக்கரங்கள் தரையில் பதிந்ததும், ஒவ்வொரு போல்ட்டையும் தானே தடவிப் பார்த்து ஸ்பானர் மாட்டி, உடம்புப் பாரத்தைக் கொடுத்து முறுக்கினார்.

"அம்பது கிலோமீட்டர் ஓடுனதும் ஒரு தடவை திரும்ப முறுக்கிப் பார்க்கணும்," என்றார். வேன் காலத்திலிருந்து அவருடைய சட்டம் அது. சக்கரம் கழற்றி மாட்டிய வண்டியில் அதைச் செய்யாமல் ஒரு நாளும் அவர் பிள்ளைகளை ஏற்றியதில்லை. மறக்காமல் ஸ்பானரைத் தன் சீட்டுக்கு அடியில் போட்டார்.

சாப்பிடவில்லை, முகம் கழுவ நேரமிருந்தது அவ்வளவுதான். கத்துக்குட்டி ஓட்டினால் பக்கத்தில் லைசென்ஸ் உள்ளவர் இருக்க வேண்டும் என்பது விதி. அவர் லைசென்ஸுக்கு இன்னும் ஆயுள் இருந்தது, கண்ணுக்குத்தான் இல்லை. டெஸ்ட் நடக்கிற மைதானம் இரண்டு தெரு தள்ளித்தான். அவரை அங்கே மரத்தடி பெஞ்சில் உட்கார வைத்தேன்.

டெஸ்ட் எடுக்கிறவர், மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக்கொண்டு ஏறினார். என் நகக்கண்ணில் இருந்த கரியை ஒரு தினுசாகப் பார்த்தார். பார்க்கட்டும். வளைவு, மேடு எல்லாம் முடிந்து, கடைசியில் அந்தப் பாழாய்ப்போன இடம் வந்தது. பின்னால் எடுத்து, இரண்டு கம்பத்துக்கு நடுவில் நிறுத்த வேண்டும். போன தடவைகளில் ஸ்டியரிங்கைத் திருப்பினால் கீழே என்ன நடக்கிறது என்றே தெரியாது. இன்றைக்கு அப்படியில்லை. ஒவ்வொரு சக்கரத்தையும் மண்டியிட்டு, உற்றுப் பார்த்து, என் கையால் போல்ட் போட்டிருக்கிறேன். அது எங்கே நிற்கிறது, எந்தப் பக்கம் மூக்கை நீட்டுகிறது என்று எனக்குத் தெரியாதா? 'ஒரு நூல் இடது' என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன் போலிருக்கிறது.

"என்னம்மா சொன்னீங்க?" என்றார் கண்ணாடிக்காரர்.

"ஒண்ணுமில்ல சார்."

வண்டி நடுவில் நின்றது. அவர் கதவைத் திறந்து இரண்டு பக்கமும் எட்டிப் பார்த்துவிட்டு, கண்ணாடியை மூக்குக்கு இறக்கி, கையெழுத்துப் போட்டுச் சீட்டைக் கொடுத்தார். பாஸ். அவர் இறங்கிப் போகும்வரைதான் அடக்கிக்கொண்டேன். அப்புறம் ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்து ஒரு பாட்டம் அழுதேன்.

மரத்தடிக்கு ஓட்டிக்கொண்டு போனேன். அவர் எழுந்து நின்றார். என் முகம் அவருக்குத் தெரியாது. தலையைச் சாய்த்து, கண் ஓரத்தால் என்னைத் தேடினார்.

"நின்ன சத்தம் கேட்டேன்," என்றார். "நடுவுலதான் நின்னுருக்கு. என்ன?"

"ஏறுங்க."

பெல்ட்டைப் போட்டுக்கொண்டார். மைதானத்தை விட்டு வெளியே வந்ததும் நான் வீட்டுப் பக்கம் திரும்பாமல் பெரிய சாலைக்குத் திருப்பினேன். அது அவருக்கு உடனே தெரிந்துவிட்டது. 

"வீட்டுக்குத்தானே?"

"சக்கரம் மாட்டுனா எவ்வளவு தூரம் ஓட்டி முறுக்கணும்னு சொன்னீங்க?"

"அம்பது கிலோ..." என்று ஆரம்பித்தவர் பாதியில் நிறுத்திக்கொண்டார்.

"டாக்டரம்மா ஏழு மணி வரைக்கும் இருப்பாங்களாம். காலையிலயே போன் பண்ணிட்டேன்."

"காலையிலயேவா? பாஸ் பண்ணுவோமான்னே தெரியாம?"

"யார்கிட்ட கத்துக்கிட்டேன்?"

 ஊர் எல்லை தாண்டிவிட்டது. ஓரக்கண்ணால் பார்த்தேன். அவர் வலது கால், இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டிருந்தது. எனக்குப் பாவமாக இருந்தது. திரும்பிவிடலாமா என்றுகூட ஒரு கணம் நினைத்தேன். நினைத்ததோடு சரி, திரும்பவில்லை.

"ஊசி போடுறப்போ நீ உள்ள வரணும்," என்றார்.

"வராம?"

"கையப் புடிச்சுக்கணும்."

"புடிச்சுக்கறேன்."

குனிந்து, சீட்டுக்கு அடியில் தடவி, ஸ்பானரை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். பிரேக் மிதித்துக்கொண்டிருந்த கால் மெல்லத் தளர்ந்தது. தலையைச் சாய்த்து என்ஜின் சத்தத்தைக் கொஞ்ச நேரம் கேட்டார்.

"அடுத்த கியரப் போடு குண்டூசி," என்றார். "வண்டி கேக்குது."